ஓவியா கட்டிய மண்டபம்

பொய் சொல்வதற்கும் ஒரு கைத்தேர்ச்சி வேண்டும். ஓவியாவுக்கு அது சுத்தமாகக் கிடையாது. காது முதலில் சிவக்கும், அப்புறம் குரல் தடுமாறும், அதற்கப்புறம் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒரு செமஸ்டர் முழுக்க வீட்டில் ஒரே பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள் என்றால், உள்ளுக்குள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். ஆளுக்கொரு கட்டடத்தைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்து, வரைந்து, அட்டையில் மாடலும் செய்து ஜூரி முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஜூரி என்றால் வெளியிலிருந்து வருகிற பெரிய பெரிய ஆர்க்கிடெக்டுகள். பிரித்து மேய்ந்துவிடுவார்கள். அதில் தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அவளோடு படிக்கிறவர்கள் மியூசியம், விமான நிலையம், சிறுசேரி பக்கம் ஒரு ஐ.டி. வளாகம் என்று எடுத்தார்கள். ஓவியா எடுத்தது சுடுகாடு.

கல்லூரியில் அதை ‘கிரிமடோரியம்’ என்று இங்கிலீஷில் சொல்லிவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. சிட்லபாக்கத்து வீட்டில் சொல்ல முடியுமா? அக்கா உதயா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நாளும் நெருங்கிவிட்டது. யாராவது தவறிப்போன சேதி வந்தால்கூட அம்மா கீதா போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவாள். அதனால், “என்னடி அது, எப்பப் பாத்தாலும் வெட்டி வெட்டி ஒட்டிட்டே இருக்க?” என்று அம்மா கேட்டபோது, “நாலு பேர் கூடற இடம்மா, மண்டபம் மாதிரி” என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். மண்டபம் என்றதும் அம்மா முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! அன்று சாயங்காலத்துக்குள் எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேதி போய்விட்டது. உண்மை தெரிந்தால் அம்மா அந்த மாடலை வீட்டில் ஒரு நிமிஷம் வைக்க விடமாட்டாள். தூக்கித் தெருவில் வைத்துவிடுவாள், அவ்வளவு உழைப்பும் பாழ். அதைவிட, அக்காவுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் காலம் முழுக்கப் பழி தன் தலையில்தான் விழும் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

‘இன்ஸ்பிரேஷன் என்ன?’ என்று கல்லூரியில் எல்லாரையும் கேட்பார்கள். பாதிப் பேர் கட்டடத்தை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து அதற்குத் தோதாக ஒரு தாமரையையோ சங்கையோ மயில் தோகையையோ தேடுவார்கள். இது ஊரறிந்த கூத்து. கேட்கிறவர்களும் ஒரு காலத்தில் தாமரை போட்டவர்கள்தானே! ஓவியாவும் தன் பங்குக்கு அகல் விளக்கு என்றுதான் ஆரம்பித்தாள். வழிகாட்டியான ஜெயவேலு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விளக்கெல்லாம் சரிம்மா. நிஜமா எங்கேருந்து வந்துது?” என்றார். அவள் காது சிவந்ததுதான் மிச்சம்.

நிஜமாக வந்தது அவள் அப்பாவிடமிருந்து. குமரவேல் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். அவள் பிளஸ் டூ படிக்கும்போது, கார்த்திகை அடைமழையில், மாரடைப்பில் போய்விட்டார். பாடைக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஓடியவளை மாமா சிட்டிபாபுதான் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது கண்ணு.” அம்மாவும் அந்த முனையிலேயே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் அப்பா எங்கே போனார், அங்கே என்ன நடந்தது என்று ஓவியாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்கள் நனைந்து திரும்பி வந்தார்கள், குளித்தார்கள், சாப்பிட்டார்கள்.

கல்லூரியில் அவளுக்கு நெருக்கமான சிநேகிதி ஹெப்சி. போன வருஷம் ஹெப்சியின் அப்பா இறந்தபோது ஓவியா கல்லறைத் தோட்டம் வரை போனாள். ஹெப்சி குழிக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். வாய்விட்டு அழுது முடித்துவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓவியாவுக்குப் பொறாமையாக இருந்தது. சாவுக்குப் போன இடத்தில் போய்ப் பொறாமைப்படுகிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் கட்டடம் அங்கேதான் முளைத்தது. பெண்களும் உள்ளே வந்து, கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கும்படி ஒரு சுடுகாடு.

அதற்காகக் கல்லூரிக் கடிதத்தோடு ஹெப்சியையும் இழுத்துக்கொண்டு ஒரு எரிவாயு தகனக்கூடத்துக்குப் போய் அளவெடுத்து வந்தாள். “எல்லாம் மூடநம்பிக்கைடி” என்று வழியெல்லாம் ஹெப்சியிடம் வாய் கிழியப் பேசியவள், வீட்டுக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லியே” என்றாள் அம்மா.

ஜூரி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் மாடலை வீட்டுக்கே கொண்டுவந்து, கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் வைத்துக் கடைசி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் திறந்த முற்றம், அதில் உடலை இறக்கி வைக்க ஒரு மேடை. பின்னால் புகைபோக்கியோடு எரியூட்டும் அறை. அந்த அறையைப் பார்த்தபடி, ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டுகிற ஜாலிச் சுவருக்கு இந்தப் பக்கம், பெண்கள் உட்கார நீளமான படிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா சிட்டிபாபு வந்தார்.

செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம் அவருக்கு. முடிச்சூர் பக்கம் தாத்தா காலத்து நிலம் கொஞ்சம் விற்காமல் கிடக்கிறது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர் அவர்தான். வந்தவர் செருப்பைக் கழற்றியதும் மாடலைப் பார்த்தார், அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாமா இது, ஷோக்கா கீது! உங்கம்மா சொன்னப்ப சும்மா ஏதோன்னு நெனச்சேன்.”

“சும்மா காலேஜுக்குத்தான் மாமா” என்றாள் ஓவியா. காது சிவக்க ஆரம்பித்துவிட்டது.

“இது மணமேடை. சரி. ஆனா ஏன் கண்ணு, வாசல் தெக்கால வெச்சிக்கீற? மண்டபத்துக்கு எவனாவது தெக்கு வாசல் வெப்பானா?”

“மாத்திக்கலாம் மாமா.”

“அந்த ஒசரமா இருக்கறது?”

“புகை... புகைபோக்கி.”

“சமையல்கட்டா! பலே. பந்தியில ஒரு பொட்டு புகை அடிக்காது. கீதா, உன் பொண்ணு மூளைக்காரிமா!”

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பூரித்துப் போனாள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், போய்விடுவார் என்று ஓவியா மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போகிற மாதிரி இல்லை.

“முடிச்சூர்ல நம்ம எடம் சும்மாதான கீது. இதையே கட்டிப்புடலாம். நாளைக்கு உன் பரீட்சை முடிஞ்சதும் குடு, வண்டில ஏத்தினு போயி நம்ம பங்காளிங்ககிட்ட காட்டறேன். உதயா, கேட்டுக்க. உன் புள்ளைக்குக் காது குத்தறதுதான் இதுல மொத விசேஷம். மாமன் மொறைக்கு என் மடியில வெச்சி!”

உதயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து மாடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “தூளி கட்ட ஒரு ரூம் வேணுமே. இதுல கட்டலாமாடி?” என்று விரலைப் புகைபோக்கிக்குக் கீழே, அந்த அறைக்குள் விட்டாள்.

“கைய எடுக்கா!”

கத்தியது தானா என்று ஓவியாவுக்கே தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் கூரை ஒன்று பிய்ந்து தரையில் விழுந்தது. மூடநம்பிக்கை என்று வாய் கிழியப் பேசியவள் அக்காவின் விரலைத் தன் துப்பட்டாவால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா ஆச்சு? இன்னாடி அது?” என்றார் மாமா.

இனி மறைக்க என்ன இருக்கிறது. “மண்டபம் இல்ல மாமா. எரிக்கற எடம்.”

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து உதயாவை எழுப்பி உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதும், “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று அக்கா சொல்வதும் கேட்டது. திரும்பி வந்ததும் அம்மா வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற வீடுடி இது! நடுக்கூடத்துல சுடுகாட்டக் கொண்டாந்து வெச்சிருக்கியே, நீ என் வயித்துலதான் பொறந்தியா? எடு. இப்பவே வெளிய எடு!”

“இத யாரு குடுத்தாங்க உனக்கு? வாத்தியாரா?” என்று மாமா எழுந்துவிட்டார். “பேர் சொல்லு, நான் வந்து கேக்கறேன்.”

“யாரும் குடுக்கல. நானா எடுத்தேன்.”

“ஏன்? வேற எதுவுமே கெடைக்கலியா ஒனக்கு?”

ஓவியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “அப்பாவ எங்க கொண்டுபோய் விட்டீங்கன்னு எனக்குத் தெரியாது மாமா. முனையில நிறுத்திட்டீங்க. என்னையும் நிறுத்தினீங்க, அம்மாவையும் நிறுத்தினீங்க. அங்க என்ன நடந்துதுன்னு இன்னி வரைக்கும் யாராவது எங்களுக்குச் சொன்னீங்களா? ஹெப்சி அவ அப்பாகூட கடைசி வரைக்கும் நின்னா. எனக்கு அந்தக் கொடுப்பின இல்ல. வேற யாருக்காவது இருக்கட்டும்னு போட்டேன், போதுமா?”

அம்மா மாடலை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அந்த அட்டைச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா” என்றாள் மெதுவாக. “அன்னிக்கு அந்த மழையில அவரு... முழுசா எரிஞ்சாரா?”

இத்தனை வருஷத்தில் அம்மா இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. ஓவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்குத்தான் தெரியாது, அம்மா எப்படியோ எல்லாம் தெரிந்து வைத்திருப்பாள் என்றல்லவா இருந்துவிட்டாள்! இந்த ஒரு கேள்வியோடுதான் அம்மா தினமும் எழுந்து சமைத்து, துவைத்து, தூங்கியிருக்கிறாள்.

சிட்டிபாபு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொள்ளி வெச்சதும் திரும்பிப் பாக்காம போங்கன்னாங்க. வந்துட்டோம். மறுநாள் பால் தெளிக்கப் போக முடியல, ரோட்டுல இடுப்பளவு தண்ணி. அது வடிஞ்சப்பறம் போனா, அங்க இருந்தவரு ஒரு சட்டிய துணி கட்டிக் குடுத்தாரு. கடல்ல கரைச்சோம். நான் தொறந்து பாக்கல கீதா. பயமா இருந்திச்சு.”

அம்மா அழவில்லை. மாடலைப் பார்த்தபடியே கேட்டாள். “இதுல நெருப்பு எங்கடி?”

ஓவியா காட்டினாள். புகைபோக்கிக்குக் கீழே இருந்த அறை.

“மழ பேஞ்சா?”

“கேஸ் அடுப்பும்மா. மேல கான்கிரீட் கூரை. ஒரு சொட்டு உள்ள விழாது.”

“மேலேருந்து விழாது, சரி. கீழ? ரோட்டுத் தண்ணி உள்ள வருமா?”

ஓவியா பார்த்தாள். தூக்கி வருகிறவர்கள் படியில் தடுக்கி விடக்கூடாதே என்று, வாசலிலிருந்து அந்த அறை வரைக்கும் தரையை ரோட்டு மட்டத்துக்கே வைத்திருந்தாள். உட்காரும் இடம், பார்வை, காற்று, வெளிச்சம் எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. வெளியிலிருந்து வருகிற ஜூரிக்குக்கூட இது கண்ணில் படாமல் போகலாம். வராது என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு இன்று ஒரு நாளாவது நிம்மதி.

“வரும்மா” என்றாள்.

கீதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தைப் பிடிக்கும்படி மகளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

“இந்தக் கூடத்துல இருக்கக் கூடாது, அதுல மாத்தம் இல்ல. மாடிக்குக் கொண்டுபோ. இன்னும் பொழுது இருக்கு. தரைய ஏத்துடி.”