ஆஸ்டின் ஹாரனும் என் அப்பாவும்

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு சாமி அலமாரிக்குக் கீழே பதினாறு ஹாரன்கள் இருக்கின்றன. எல்லாம் உடைக்கப் போட்ட பழைய கார்களிலிருந்து பிடுங்கியவை. என் வீட்டுக்காரர் மருதமுத்து வாரம் முழுக்க லாரி பட்டறையில் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவற்றைச் சரிசெய்து பழைய மோட்டார் சைக்கிள்களில் மாட்டுவார். துருவைச் சுரண்டுவார், உள்ளே இருக்கும் தகட்டைத் துடைப்பார், ஸ்குருவைக் கால் சுற்று திருகி ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். மறுபடியும் கால் சுற்று, மறுபடியும் ஒரு அடி. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் என்னோடு பேசுகிறாள் என்றால் அது அவளுடைய பெருந்தன்மை.

போன மாதம் தெங்கேராவில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆஸ்டின் கார் ஹாரன் ஒன்று அவருக்குக் கிடைத்தது. மூன்று ஞாயிறு அதோடு மல்லுக்கட்டி, தன்னுடைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளிலேயே மாட்டி, வாசலில் வைத்து அமுக்கினார். தெருவே அதிர்ந்தது.

உள்ளே என் அப்பா சுப்பன் பால் சேர்க்காத தே ஓவில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி, எழுந்திருக்கவே ஆள் பிடிக்க வேண்டும். அந்த மனிதர் ஒரே துள்ளாகத் துள்ளி எழுந்து, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"தொரை வந்துட்டாரு!"

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். வெள்ளைக்கார துரை போய் நம் நாட்டு துரை வந்தபோதும் அதே ஆஸ்டின் கார், அதே சத்தம்தானாம்; கேட்டதும் தின்பதை விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருதமுத்துவும் சிரித்தார். அதுதான் வினையாகிவிட்டது. அப்பா கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நேரே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

"அந்தச் சனியன் இருக்கற வூட்ல நா இருக்க மாட்டேன். செர்காம்ல ஒன் தம்பி வூட்டுக்கே போறேன்."

அம்மா போன பிறகு இரண்டு வருடம் கெஞ்சிக் கூட்டி வந்த அப்பா. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மருதமுத்து ஹாரனைக் கழற்ற ஸ்பேனரோடு வண்டியருகே குனிந்தார். மூன்று ஞாயிறு உழைப்பு, பாவம்.

"கழட்டாதீங்க மாப்ளே," என்றார் அப்பா திடீரென்று. "மொதல்ல என்னைய தோட்டத்துக்குக் கூட்டிப் போங்க."

"எதுக்கு மாமா?"

"போங்க லா!"

பி.எஸ்.ஏ.வின் பின்னால் ஏறிய கிழவர் விழுந்து தொலைக்கப் போகிறாரே என்று நானும் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தோட்டத்தில் பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்டது. துரை பங்களா மட்டும் அப்படியே இருந்தது. கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றதும் அப்பா மருமகனின் தோளுக்கு மேல் கையை நீட்டி ஹாரனை அமுக்கினார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை, கையை எடுக்கவே இல்லை.

கதவு திறந்தது. இப்போது துரை இடத்தில் இருக்கும் முப்பது வயது மேனேஜர், ஒரு காலில் மட்டும் செருப்போடு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடி வந்தார்.

"யா அங்கிள்? என்னா வேணும்?"

அப்பா அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான். உள்ள போ தம்பி."

மேனேஜரும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அப்பா மருமகனின் முதுகைத் தட்டினார்.

"வூட்டுக்குப் போனதும் சத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மாப்ளே. மூணு தடவ அடிக்க வேண்டியிருக்கு."