உடையாத என்ஜினின் கைதி

பந்தயப் படகு என்ஜின்களின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பில் பதினோரு வருடமாக இருப்பவர் அவர். ஒவ்வொரு என்ஜினும் ஆயிரத்து நூறு குதிரைத்திறன். அத்தனை குதிரைகளையும் ஒரே இரும்புப் பெட்டியில் அடைத்து, ஒன்றை ஒன்று உதைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது வீரனால் ஆகிற காரியமல்ல, மகா கோழையால்தான் ஆகும். அந்தத் தகுதி அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

பட்டறையில் அவர் பெயர் ‘சந்தேகம்’. ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் அதை முறுக்கி, எத்தனை நீள்கிறது என்று அளப்பார். பிறகு கழற்றி, பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டதா என்று மறுபடி அளப்பார். திரும்பியிருந்தால்கூட அதை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். கல்யாண மோதிரத்தையும் இப்படித்தான் அளந்தார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அவர் பயத்துக்கு நியாயம் இருந்தது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, மூச்சு வாங்க நேரம் உண்டு. பந்தயப் படகின் என்ஜினுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை முழு பாரம். அது போதாதென்று படகு அலையில் எகிறும். தண்ணீருக்கு வெளியே வந்த புரொப்பெல்லர் காற்றில் சுற்ற, பாரம் போன என்ஜின் பேய் பிடித்தாற்போல் அலறும். அடுத்த கணம் படகு விழும். புரொப்பெல்லரைத் தண்ணீர் கப்பென்று பிடிக்கும். அந்த அடி முழுவதும் உள்ளே புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் என்ற இரும்புத் தண்டில் போய் இறங்கும். அதனால் அவர் வார்ப்பு கிராங்கைத் தொடமாட்டார், அடித்து உருவாக்கியதுதான். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு அலுமினியத்தில் லேசாகக் கிடைக்கும். அவரோ கனமான எஃகைத்தான் எடுப்பார். இதனால் படகு எப்போதும் நாலாவதாக வந்தது, ஆனால் எப்போதும் வந்தது.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பாகங்களைப் பூட்டி என்ஜினை யார் மூடினாரோ அவர் பந்தயத்தன்று படகின் இரண்டாவது இருக்கையில் உட்கார வேண்டும். மீட்டர்களைப் பார்த்து ஆயில், சூடு எல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். முன்பு இருந்த மெக்கானிக் மட்டமான போல்ட்டுகளைப் போட்டுவிட்டு, கரையில் நின்று பைனாகுலரில் வேடிக்கை பார்த்தாராம். அன்று தீப்பிடித்த படகிலிருந்து நீந்தி வந்த முதலாளி ஈரம் சொட்டச் சொட்டப் போட்ட சட்டம் இது. முதலாளிதான் படகையும் ஓட்டுகிறவர். போதாக்குறைக்கு, சந்தேகத்தின் மனைவிக்கு அண்ணன்.

இந்த நிலையில்தான் நகரத்துக் குடிநீர் பம்ப் நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே என்ஜின் கான்கிரீட் தரையில் எட்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. எங்கேயும் எகிறாது. அவர் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அதைத் தொட்டுப் பார்த்து, கண் கலங்கிவிட்டார். ஒன்றாம் தேதி சேர வேண்டும். பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் மட்டும்தான் பாக்கி.

“மாப்ள, இதுவரைக்கும் நீ மூடின என்ஜின் ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?” என்று கேட்டார் மைத்துனர்.

“இல்ல மச்சான்.”

“அப்புறம் உன்னை எப்படி விடுறது? ஒண்ணே ஒண்ணு உடையட்டும். அன்னைக்கே கையெழுத்து.”

“எனக்குப் பயமா இருக்கு மச்சான்.”

“அதான் வேணும்! பயப்படாதவன் கட்டின என்ஜின்ல எவன் ஏறுவான்?”

ஆக, விடுதலைக்கு ஒரே வழி என்ஜின் உடைவது. உடைகிற நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கப் போகிறவர் இவர். இப்படியொரு பூட்டை எந்தச் சிறைச்சாலையும் இதுவரை செய்ததில்லை.

மாசக் கடைசியில் ஒரு பந்தயம் இருந்தது. சந்தேகம் யோசித்தார். ராடு போனால் என்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். பிஸ்டன் உருகினால் தீ. வலிக்காமல் உடையக்கூடிய பாகம் எது என்று நான்கு நாள் ஆராய்ந்து, கடைசியில் வால்வு ஸ்பிரிங்குக்கு வந்தார். ஸ்பிரிங் களைத்துப்போனால் வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாது. என்ஜின் இருமும், ஓடும், தோற்கும், அவ்வளவுதான். பழைய ஸ்பிரிங் பதினாறை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பட்டறையில் சோதித்தால் மைத்துனர் பார்த்துவிடுவார் என்பதால், பின்னறையில் குளியலறை எடை மெஷினை வைத்து, அதன்மேல் ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கைப்பிரஸ்ஸில் அழுத்தினார். நூற்றுப்பத்து கிலோ காட்ட வேண்டியது எண்பத்தைந்து காட்டியது.

“என்னங்க, ஸ்பிரிங்குக்கு உடம்பு இளைச்சிருச்சா?” என்றாள் மனைவி.

“உங்க அண்ணன் என்னை விடணும்ல?”

“அதுக்கு மட்டமானதாப் போடப் போறீங்களா? நீங்களா? முடியாதுங்க உங்களால.”

அவள் சொன்னது பாதி பலித்தது. ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டார். போட்டதும் புதுச் சந்தேகம் வந்தது. மூடத் தாமதிக்கிற வால்வை மேலே வரும் பிஸ்டன் முட்டினால்? வால்வின் தலை முறிந்து உள்ளே விழுமே! உடனே பிஸ்டன்களைக் கழற்றி, தலையில் வால்வுக்காக இருக்கும் பள்ளங்களை இன்னும் ஆழமாகக் கடைந்தார். அப்படியே ராடு போல்ட்டுகளையும் புதிதாக மாற்றினார். சதி செய்ய உட்கார்ந்தவர், எழுந்தபோது தன் வாழ்நாளிலேயே பத்திரமான என்ஜினை மூடியிருந்தார்.

பந்தயத்தன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. வேகத்துக்கு வரம்பு கட்டும் மின்பெட்டியை மைத்துனர் எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தார். “என் காலுக்கு ஒரு டப்பா புத்தி சொல்றதா?” என்பது அவர் கொள்கை. ஆனால் அன்று டப்பாவின் வேலையைக் களைத்த ஸ்பிரிங்குகள் எடுத்துக்கொண்டன. படகு எகிறியபோதெல்லாம் என்ஜின் அலறுவதற்குப் பதில் இருமி அடங்கியது.

“என்ன மாப்ள இது, கிழவன் மாதிரி இருமுது?”

“உடையப்போகுது மச்சான், நிறுத்திடுங்க!” என்று கத்தினார் சந்தேகம், நம்பிக்கையோடு.

உடையவில்லை. வேகம் ஏறாததால் படகும் உயரமாக எகிறவில்லை. மற்ற படகுகள் பறந்தன. ஒன்றின் கிராங்க் இரண்டானது. இன்னொன்றின் ராடு ஜன்னல் திறந்துகொண்டு காற்று வாங்கியது. ஒன்பது படகில் ஓடி முடித்தவை மூன்று. அவற்றில் முதலாவதாக, இருமிக்கொண்டே, இவர்கள் வந்தார்கள்.

கரையில் இறங்கியதும் சந்தேகம் தன் வாழ்வின் ஒரே வீரச் செயலைச் செய்தார்.

“மச்சான், அது பழைய ஸ்பிரிங். வேணும்னேதான் போட்டேன். தோக்கட்டும்னு.”

மைத்துனர் அவரைக் கட்டிப்பிடித்து, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “கேட்டீங்களா அடக்கத்தை! பிஸ்டனையும் ஆழமா வெட்டி வச்சிருக்கான், பட்டறையில கடையும்போதே பாத்தேன். தோக்கணும்னு நினைக்கிறவன் அதைச் செய்வானா?”

சந்தேகம் அந்தப் பிடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“அப்ப கடிதம், மச்சான்…”

“எந்தக் கடிதம்? எதுவும் உடையலையே!”

ஒன்றாம் தேதி பம்ப் நிலையத்தில் வேறொருவர் சேர்ந்தார். பட்டறைச் சுவரில் மைத்துனர் பெயிண்ட்டால் எழுதினார்: ஸ்பிரிங், எண்பத்தைந்து கிலோ, அதற்கு மேல் கூடாது. பிரச்சினை என்னவென்றால், அந்த எடைக்குக் களைத்த ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை. புதிதாக வாங்கி, வீட்டுப் பின்னறையில் மோட்டாரைப் பொருத்தி, நாள் கணக்கில் அமுக்கி அமுக்கித்தான் களைக்க வைக்க வேண்டும். அந்தக் கலை உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

“எத்தனை ஆச்சு?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“தொண்ணூத்தாறு. இன்னும் பதினோரு கிலோ இறங்கணும்.”

“அதுக்குள்ள நீங்க இறங்கிடுவீங்க போல. சாப்பிட வாங்க. அண்ணன் ஃபோன் பண்ணிச்சு, அடுத்த வருஷம் ரெண்டு படகாம்.”