அணைக்காமல் விட்ட சுவிட்ச்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலைத் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். வாடகை வீடு. முன்னறைதான் என் கணவரின் லேத் பட்டறை. அதற்குப் பின்னால் ஒரு அறையும் சமையலறையும். நான், அவர், மாமியார், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள், இவ்வளவுதான் குடும்பம்.

அவர் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் பல வருஷம் லேத்தில் கடைகிற டர்னராக இருந்தவர். சொந்த ஊரில் தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசையில், மேஜை மேல் வைத்து ஓட்டுகிற சின்ன லேத் ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்தார். இரும்பைச் சுழலவிட்டு டூலால் சீவிக் கடைகிற மெஷின் அது. கடைய வேண்டிய இரும்பைக் கவ்விக்கொண்டு சுழல்கிற தலைப்பகுதிக்குச் சக் என்று பெயர். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் பம்ப்செட் சாமான்களையும் வண்டி அச்சுகளையும் கொண்டுவருவார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள்கூட உடைந்த எதையாவது பையில் போட்டுக்கொண்டு வந்து, மலையைச் சுற்றி முடித்துத் திரும்பும்போது வாங்கிப் போவார்கள்.

வேலையில் அவர் கண்டிப்பானவர். மோதிரம் போட மாட்டார். முழுக்கைச் சட்டை போட மாட்டார். தோளில் துண்டு கிடக்காது. சக்கை இறுக்குகிற சாவியைக் கழற்றிக் கீழே வைக்காமல் அவர் கை சுவிட்ச் பக்கம் போனதை நான் பார்த்ததில்லை. யாராவது ஆர்வத்தில் மெஷின் மேல் குனிந்தால் சத்தம் போடுவார். சாயங்காலமானால் நானும் கூட நிற்பேன். அவர் பிரஷ்ஷால் இரும்புச் சுருள்களைத் தள்ளுவார், நான் துடைப்பேன், அவர் எண்ணெய் விடுவார். அப்படித்தான் அந்த மெஷினின் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எனக்குத் தெரிந்தது.

அன்று நல்ல வெயில். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் கரண்ட் போவது புதிதல்ல. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் அடுப்படியில் இருந்தேன். சும்மா உட்காருவானேன் என்று அவர் ஒரு பழைய துணியை எடுத்துச் சக்கில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஆரம்பித்திருக்கிறார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன கரண்ட் அது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

கரண்ட் போனதும் நின்றுபோயிருந்த அடுப்படி ரேடியோ திடீரென்று பாடத் தொடங்கியதும் அவர் அலறியதும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தன.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். துணி சக்கில் சுற்றிக்கொண்டு அவர் வலது கையையும் உள்ளே இழுத்திருந்தது. அதற்குமேல் அந்தக் காட்சியை எழுத எனக்கு மனசில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அந்தக் கையில் கட்டை விரல் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படித் தள்ளினோம் என்று இன்றும் தெரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தான் போட முடியாது. சோறு பிசைய முடியாது. நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுவார். பாதி கீழே சிந்தும். அதை மகள் பார்த்துவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். கிணற்றடிக்கு அவர் தனியாகப் போனால் நானும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பின்னால் போவேன். ஏன் போகிறேன் என்று அவருக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். 

நான் நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்கப் போனேன். பட்டறைக் கதவைத் திறக்கவே இல்லை. லேத்தின் மேல் ஒரு கோணிப்பையைப் போர்த்தி வைத்திருந்தேன். அதைப் பத்திரமாக வைத்திருப்பதாக எனக்கு நினைப்பு.

மழைக்காலம் முடிந்த சமயம், அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் இரண்டாக உடைந்த ஒரு பின். பம்ப்செட்டில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற இடத்தில் மாட்டுவது. விரல் நீளம்தான் இருக்கும்.

"பட்டறை ஓடுறதில்லீங்கம்மா. அவருக்குக் கை போயிடுச்சு" என்றேன்.

"தெரியும்மா, கேள்விப்பட்டேன். இன்னொரு பட்டறையில கேட்டா அடுத்த வாரம் வான்றான். மல்லாட்டை காய் பிடிக்கிற நேரம். தண்ணி பாய்ச்சலைன்னா எல்லாம் சருகாப் போயிடும். வீட்டுக்காரர் இல்ல, நான் ஒருத்திதான். நான் எங்க போவேன் சொல்லு."

வேர்க்கடலைப் பயிரின் கவலையைச் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. போகவும் இல்லை. உடைந்த பின்னைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, பட்டறைக்குள் போய்க் கோணியை உருவினேன்.

மெஷின் முழுக்கத் துரு. டூல் நகர்ந்து போகிற, பளபளவென்று இருந்த அதன் தண்டவாளம் செங்கல் நிறத்தில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாத!"

உள்ளறையிலிருந்து அவர் குரல். சத்தமாக அவர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. எழுந்து வந்து வாசலில் நின்றார். மெஷினைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார்.

"கோணிய எவ போர்த்தச் சொன்னது? அது ஈரத்த இழுத்து வச்சுக்கும். எண்ணெய் தடவிட்டு எண்ணெய்த்துணி இல்ல போர்த்தணும்?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திட்டுகிறாரே என்று சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான். "நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு வாசற்படியில் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். "மொதல்ல பிளக்கைப் புடுங்கு. கெரசின் எடுத்தா" என்றார்.

மண்ணெண்ணெயில் நனைத்துத் துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் வெடித்திருக்கிறதா என்று பார்த்து முடிக்கவே வெகு நேரம் பிடித்தது. அடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகச் சொன்னார். பின்னலை முடிந்து கொண்டை போடச் சொன்னார். அவருடைய பழைய அரைக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்ணாடி ஒன்றை மாட்டச் சொன்னார்.

"வளையலக் கழட்டு."

கழற்றினேன்.

"தாலியையும்."

மாமியார் அதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மார்பில் அடித்துக்கொண்டார். "நான் உசுரோட இருக்கும்போதே இந்தக் கண்றாவியப் பாக்கணுமா? புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப எவளாவது தாலியக் கழட்டுவாளா?"

"அந்தக் கயிறு சக்குல மாட்டுனா கழுத்த இழுத்துக்கும்மா" என்றார் அவர். கட்டை விரல் மட்டும் இருந்த கையைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாத்தியே, போதாதா உனக்கு?"

 நான் தாலிக்கயிற்றைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். மெஷின் ஓடி முடியும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நான் லேத்தில் நின்ற நாளெல்லாம் அப்படித்தான்.

அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கம்பியைச் சக்கில் பிடித்து இறுக்கி, சாவியைக் கழற்றிக் கீழே வைத்தேன். மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்தேன். "சக்குக்கு நேரா நிக்காத, ஒதுங்கி நில்லு." ஒதுங்கினேன். சுவிட்சைப் போட்டு, டூலை மெல்ல நகர்த்தினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இரும்பு சுருள் சுருளாக வந்தது. "கையால இழுக்காத, கொக்கியால எடு. அளக்கணும்னா நிறுத்திட்டு அள." முதலில் கடைந்தது அளவு கம்மியாகிப் போயிற்று. அடுத்தது சரியாக வந்தது. அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு வேலை வர ஆரம்பித்தது. கஷ்டமான வேலைகள் இல்லை. பின், அச்சு சுழல்கிற துளையில் மாட்டும் சின்னச் சின்ன புஷ், இப்படி. தெருவில் சிலர் சிரித்தார்கள். தாலி இல்லாமல் நிற்கிறாள் என்று பேசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவர் படுக்கையை விட்டு எழுந்திருந்தார். தினமும் பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், கைகளைத்தான். நல்ல காலம் திரும்பிவிட்டது என்று நான் நம்பினேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள். நான் ஒரு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். கரண்ட் போனது. மெஷின் மெல்ல ஓய்ந்து நின்றது. சக்கைச் சுற்றி இரும்புச் சுருள் சிக்கியிருந்தது. கொக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

பின்னால் ஸ்டூல் உருண்டு விழுந்தது. "ஐயோ!" என்று கத்தியபடி அவர் பாய்ந்து வந்து என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். இடது கை சுவிட்சுக்குப் போனது.

சுவிட்ச் ஏற்கெனவே அணைந்திருந்தது. கரண்ட் போன உடனேயே நான் அணைத்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

சுவிட்ச் மேல் கையை வைத்தபடியே நின்றார். தடவிப் பார்த்தார், மறுபடி தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் பல்பு எரிந்தது. லேத் அசையவில்லை.

அவர் அப்படியே இரும்புத் தூளில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கை போன அன்றும், வேலூரில் கட்டுப் பிரித்த அன்றும் அழாதவர்.

"தெரியாதவனுக்கு நடந்திருந்தா மனசு ஆறும்டி. கம்பெனியில புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் மொத நாளே நான் சொல்றது இதத்தான். கரண்ட் போனா சுவிட்ச அணை, அப்புறம்தான் மத்ததுன்னு. அன்னைக்கு எனக்கு ஏன் தோணல? நேத்து வந்த உனக்குத் தோணுதே, எனக்கு ஏன் தோணல?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலியை மூடிப் பிடித்த கையோடு மாமியாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 

மறுநாள் அவர் பட்டறை வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஸ்டூலை எடுத்துப்போய்த் தெருப்பக்கம் போட்டு, மலையைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "நான் எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுதே" என்றார். கோபமில்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். என்னைக் காவல் காப்பதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேலை என்பதும், அதுவும் அன்றோடு போய்விட்டது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்டுப் பார்த்தேன். "ஏங்க, இந்த டூல் உயரம் சரியா இருக்கா, வந்து பாருங்களேன்" என்பேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். புதிதாக வருகிறவர்கள், வாசலில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி உள்ளே வந்து என்னிடம் சாமானைக் கொடுப்பார்கள். "உங்க சம்சாரத்துக்கு நல்ல கைங்க" என்று போகும்போது அவரிடம் சொல்வார்கள். அவரும் தலையாட்டுவார்.

சில வருஷங்களில் ஒரு மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். வியாதி அவ்வளவு கடுமையில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. மருந்தைக் கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். கடைசிவரை லேத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அதை இன்னும் பல காலம் ஓட்டினேன். மகளைப் படிக்க வைத்தேன். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. தைரியசாலி என்கிறார்கள், கெட்டிக்காரி என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம், இரும்புத் தூளில் உட்கார்ந்து "எனக்கு ஏன் தோணல" என்று கேட்ட அந்த மனுஷர்தான் கண்ணில் நிற்கிறார். எல்லாம் தெரிந்த அவருக்கே ஒரு நிமிஷம் அப்படி ஆயிற்று என்பதால், எந்த விஷயத்திலும் "எனக்குத் தெரியும்" என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.