கத்தரிக்காய்க்குள் கசுமி

கசுமியை முதலில் பார்த்தபோது இவள் எதற்குத் தேறுவாள் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, பத்து வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். ஒசாகாவில், அதிலும் எங்கள் கடைத்தெருவில், வாயில்லாதவள் எப்படிப் பிழைப்பாள்? ஆனால் நாசுமாருவின் உடுப்பை மாட்டிவிட்டதும் ஆளே மாறிவிட்டாள்.

நாசுமாரு எங்கள் கடைத்தெருவின் செல்லப் பொம்மை. ஆளுயரக் கத்தரிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கும். ஞாயிறு பிற்பகல் அது வெளியே வந்தால் குழந்தைகள் மொய்த்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவளுக்குத் தன் கால் தெரியாது, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி ஊறுகாய்க் கடை ஓனிஷி, அதாவது நான்.

இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருந்தால் வெந்தே போவாள். வெளியே வந்ததும் என் கடைப் பின்னறையில் உட்கார வைத்துக் குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுப்பேன். அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தாள். வார நாளெல்லாம் பார்சல் கிடங்கில் வேலை, பேசுவதற்கு ஆள் இல்லை. கடைக்குப் போனாலும் பொருளைத் தானே ஸ்கேன் செய்து எடுத்து வந்துவிடலாம்.

"அஞ்சு நாளும் வாயே திறக்கறதில்லக்கா. சனிக்கிழமை ஒத்தை ஆள் கரோக்கி அறைக்குப் போய்ப் பாடிப் பார்ப்பேன், குரல் இருக்கான்னு."

"அதுக்கு எனக்கு ஒரு போன் போட்டுத் தொலைக்கறதுதானே?"

"போட்டு என்ன பேசறது?" என்றாள்.

குழந்தைகள் வரிசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரும் வாராவாரம் நிற்பார். டோயோஷிமா என்று பெயர், அவரே நாசுமாருவிடம் சொன்னது. படமெல்லாம் எடுக்க மாட்டார். கட்டிப்பிடித்துக்கொண்டு, காது இருக்கும் என்று நினைக்கிற இடத்தில் மெதுவாகப் பேசுவார். முட்டி வலி, மனைவி பிரிந்து போனது, வடக்கே செண்டாய் நகரத்தில் இருக்கும் மகள் நர்ஸ் பரீட்சை எழுதப் போவது, எல்லாம் வரும். என் காதிலும் விழும், விழாத மாதிரி நிற்பது என் வேலை. நாசுமாரு தலையாட்டும், முதுகில் தட்டிக்கொடுக்கும்.

"என்னைக் கட்டிப்பிடிக்கறது அவர் ஒருத்தர்தான்க்கா," என்றாள் ஒருநாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

"உன்னை இல்லடி, கத்தரிக்காயை," என்றேன். நரம்பில்லாத நாக்கு எனக்கு.

மார்ச் கடைசியில் காரியம் கெட்டது. சூப்பர்மார்க்கெட்டில் மீந்த சாப்பாட்டுக்குப் பாதி விலைச் சீட்டு ஒட்டுகிற சாயங்கால நேரம். வறுத்த கோழித் தட்டை எடுக்கக் கசுமி கை நீட்டியிருக்கிறாள், எதிரே டோயோஷிமாவின் கை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"டோயோஷிமா சான், பொண்ணு பாஸ் பண்ணிட்டாளா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த விஷயத்தை அவர் கத்தரிக்காயைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. முகம் வெளுத்துப்போய், தட்டை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து வணங்கி நடையைக் கட்டிவிட்டார்.

"இனி வரவே மாட்டார்க்கா," என்று என் பின்னறையில் அழுதாள்.

"வருவாரு, எங்க போயிடப் போறாரு," என்றேன். இரண்டு ஞாயிறு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தார். தன் முறை வந்ததும் கட்டிப்பிடிக்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, இடுப்பு வரை குனிந்தார்.

"இத்தனை நாளா எல்லாத்தையும் உங்க தலையில கொட்டிட்டேன், மன்னிச்சுக்கணும். பொண்ணு பாஸ் பண்ணிட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருக்கறவங்க பேரு என்னங்க?"

பொம்மை பேசக் கூடாது. கசுமியின் விரல்கள் கையுறைக்குள்ளிருந்து என் கையை இறுக்கின. சொல்லுங்கள் என்கிறாள், தெளிவாகப் புரிந்தது. ஆனால் பின்னால் பதினைந்து குழந்தைகள் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படி யார் கேட்டாலும் எங்களுக்கு ஒரே பதில்தான், பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். அது தானாக வந்துவிட்டது.

"உள்ள யாருமே இல்லீங்களே," என்றேன், சிரித்த முகமாக.

அவர் மறுபடியும் ஒருமுறை குனிந்தார். "ஆமாமா. தெரியாம கேட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையை இறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்தன. அடுத்த குழந்தை ஓடி வந்தது, நாசுமாரு குனிந்து அதற்குக் கை கொடுத்தது.

பின்னறையில் கசுமி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். "நீங்க வேற என்ன சொல்ல முடியும்க்கா," என்று தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அதற்கப்புறம் டோயோஷிமா ஞாயிறு வரிசைக்கு வரவேயில்லை. இப்போது தினமும் சாயங்காலம் கடையை அப்படியே போட்டுவிட்டு அந்தச் சூப்பர்மார்க்கெட்டில் போய் நிற்கிறேன். சீட்டு ஒட்டுகிறவன் என்னைக் கஞ்சப் பிசினாறி என்று நினைத்திருப்பான், நினைத்துவிட்டுப் போகட்டும். டோயோஷிமாவைப் பார்த்தால் அவள் பேர் கசுமி என்று சொல்லிவிட வேண்டும். இன்றோடு நாற்பது நாள், மனிதர் அந்தப் பக்கமே வரக் காணோம்.