மடங்கிய நாலு குச்சிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போகிறவன்தான் நான், ஆனால் ஆவி, செய்வினை என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். ஊரில் கணக்கு வாத்தியார், லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தபின் விமான நிலையச் சரக்குக் கூடத்தில் பெட்டி எண்ணியவன். எண்ணிப் பார்க்க ஏலாத எதையும் நான் ஒத்துக்கொண்டதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். நானே பாதிதான் நம்புகிறேன்.

அந்தச் சரக்குக் கூடத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவன் சிவம். என் மனைவி பரமேஸ் லண்டன் வருமுன்பே அவன் ஸ்பெயினுக்குப் போய், பாஸ்க் நாட்டில் சான் செபாஸ்டியன் என்ற கடற்கரை நகரத்தில் சமையற்காரனாகிவிட்டான். அவள் அவனை நேரில் கண்டதேயில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் குரல் மட்டும்தான். "மச்சான், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. நெத்தலியும் ஒலிவ் காயும் மிளகாயும் ஒரே குச்சியில குத்தித் தருவாங்கள்" என்பான். அவள் சைவம், முட்டை வரைக்கும்தான் இறங்கி வந்தவள் என்று நான் சொன்னால், "தங்கச்சிக்கு வேற இருக்கு, அது என்ர பொறுப்பு" என்பான்.

போன மாரியில் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டான். அந்த மனிசன் இவ்வளவு சொன்ன ஊரையாவது பார்ப்போம் என்று பரமேஸ்தான் பிடிவாதமாக நின்றாள். எனக்கு அவளுடைய சீனி வருத்தம்தான் கவலை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் நடுக்கம் வரும், பிறகு மயக்கம். அதனால் குளுக்கோஸ் வில்லை எப்போதும் என் பையில் இருக்கும்.

ஊர் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. சிப்பி மாதிரி வளைந்த குடா, அதன் கடைசியில் பாறைகளில் இரும்பு நகங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் அங்கே பெரிய கலை. பக்கத்தில் கல் தரையில் துளைகள், அலை அடிக்க அவற்றுக்குள்ளால் கடல் மூச்சு விடுகிறது. பரமேஸ் ஒரு துளைமேல் நின்று, சால்வை பறக்கப் பறக்கச் சிரித்தாள். நான் துளைகளை எண்ணினேன்.

மத்தியானம் பழைய நகரத்துக்கு வந்தோம். அங்கே ஒரு சதுக்கம், சுற்றிவர வீடுகள், ஒவ்வொரு பால்கனிக்கு மேலும் இலக்கம். முந்தி அங்கே காளைச் சண்டை நடந்ததாம், பால்கனிகளெல்லாம் பார்க்கிறவர்களின் இருக்கைகளாம். எனக்கு இது போதாதா? ஏதாவது இலக்கம் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். சாப்பிடப் போவோம் என்றாள். கொஞ்சம் பொறும் என்றேன். மூன்று பக்கம் முடித்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

அவளுடைய போன் என் பையில், குளுக்கோஸும் என் பையில். காலையில் ஊசி போட்டவள், பாண் ஒரு துண்டுதான் கடித்தாள். எந்தத் தெருவில் பார்த்தாலும் சனம். பரமேஸ், பரமேஸ் என்று கத்திக்கொண்டு ஓடினேன், இந்த முழங்கால் நோவோடு. கடைசியில் ஒரு சின்னச் சாராயக் கடைக் கதவுக்குள்ளால் அவளுடைய சிவப்புச் சால்வை தெரிந்தது. உயரமான ஸ்டூலில் இருக்கிறாள், முகத்தில் நல்ல தெளிவு, முன்னால் தோடம்பழச் சாறு குடித்த கிளாஸ்.

"ஏன் இப்பிடி இளைக்கிறியள்? இருங்கோ" என்றாள்.

கை நடுங்கி, கண் மங்கி, நிழலுக்கு ஒதுங்கப் போய்ப் பாதை மாறிவிட்டதாம். வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு தமிழ் ஆள், வாங்கோ தங்கச்சி என்று முழங்கையில் பிடித்துக் கூட்டிவந்து, சாறு குடிக்கவைத்து, உருளைக்கிழங்கு போட்ட முட்டைப் பொரியலும் எடுத்துக் கொடுத்தாராம். தானும் பக்கத்தில் நின்று சாப்பிட்டாராம். இப்பதான் உள்ளே போனவர் என்றாள்.

கடைக்காரனிடம் கேட்டேன். தன்னுடைய குசினியில் அப்படி ஒருவரும் இல்லை, இந்த அம்மா தனியாகத்தான் வந்தார், தனக்குள்ளே பேசிக்கொண்டிருந்தார், செபம் சொல்கிறாராக்கும் என்று தான் நினைத்ததாகச் சொன்னான்.

அந்த ஊர் வழக்கம், தட்டில் மிஞ்சிய குச்சிகளை எண்ணித்தான் என்ன சாப்பிட்டோம் என்று பார்ப்பார்கள். அவனுக்கு முதல் நான் எண்ணிவிட்டேன். நேரான குச்சி மூன்று, முட்டைப் பொரியல் குத்தியவை, அது அவளுடையது. மற்ற நாலும் நெத்தலி மணக்கிற குச்சி. நாலும் நடுவில் மடங்கி, ஆனால் முறிந்து விழாமல் கிடந்தன. சிவம் கன்டீனில் பல்லுக்குச்சியை அப்படித்தான் மடக்கிப்போடுவான், வேறு யாரும் எடுத்துப் பல் குத்தக்கூடாது என்று. பரமேஸோ மூட்டுவாதத்தில் போத்தல் மூடிகூடத் திறக்க ஏலாதவள். நெத்தலியின் மணத்துக்கே முகத்தைத் திருப்புகிறவள்.

காசைக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். லண்டனில் வீட்டுக்கு வந்தபிறகு, தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லக் கேட்டேன், என்னைப் பற்றி அந்த ஆளுக்கு ஏதாவது சொன்னீரோ என்று.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்களைக் கூப்பிட வேணும் எண்டு எழும்பினன். அதுக்கு அந்த அண்ணை, 'நீங்கள் சாப்பிடுங்கோ, அவனுக்கு இன்னும் ஒரு பக்கம் எண்ணக் கிடக்கு, முடிச்சுப்போட்டு என்னட்டைத்தான் வருவான்' எண்டவர். எங்கையோ கேட்ட குரல் மாதிரிக் கிடந்தது."

அடுத்த கோடையும் போகவேணும் என்கிறாள். போவோம், எனக்கும் ஆசைதான். அவனுக்கு ஒரு நன்றி சொல்லவும் இருக்கிறது. ஆனால் அந்த நாலாவது பக்கத்தை நான் எண்ணமாட்டேன்.