எரிமலைக் கோயிலும் இவருடைய சப்பாத்தும்

இன்று நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் லா சப்பல் கடைத்தெருத் தமிழ் ஆட்களோடு பஸ்ஸில் எரிமலைப் பக்கம் போய் வந்தோம். அருவியைப் பார்த்துக்கொண்டே மலைப்பாதையில் ஏறினால், உச்சியில் ரோமர் காலத்துக் கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது.

கோயில் என்றதும் நான் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"உனக்கென்ன விசரே? உள்ளுக்கை சாமியும் இல்லை, கூரையும் இல்லை," என்றார் இவர்.

நான் முருகா என்று கோயிலைச் சுற்றத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால், என் செருப்புக்குப் பக்கத்தில் பெரிய பெரிய சப்பாத்துகள்! பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதுதான் இங்கே சட்டம் என்று நினைத்து, கூர்ங்கல்லில் நொண்டி நொண்டி என் பின்னால் சுற்றுகிறார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொப்பி போட்ட காவலாளி வந்துவிட்டான். அபராதம்தான் என்று நான் கைப்பையில் காசைத் தேடினேன்.

அவன் சப்பாத்து வரிசையைப் பார்த்தான். புதுச் சட்டத்தைத் தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தானோ என்னவோ, நேரே இவரிடம் போனான்.

"முசியு, உங்கள் சப்பாத்து!" என்று பிரெஞ்சில் சொல்லி இவருடைய காலைக் காட்டினான்.

இவர் உடனே குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

நான் சொல்லி ஒன்றையும் கேட்காத மனிதர்! உங்கள் வீட்டுக்காரருக்கும் தொப்பி போட்ட ஆள்தான் வந்து சொல்ல வேண்டுமோ?