கேப்ரியல் இடம் மாற்றி வைத்த கோப்புகள்

ஈப்போ சிலிபினில் இரும்பு கேட் என்றால் சன்னாசி பட்டறைதான். மூன்றாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவன் நான். இன்று ஈப்போவில் நான் அடித்த கேட் இல்லாத தாமான் குடியிருப்பே கிடையாது. பட்டறைக்குப் பின்வீட்டில் குடியிருக்கும் கேப்ரியலைப் பற்றி எழுத வேறு யாரும் வரமாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

கேப்ரியலும் தோட்டத்துப் பிள்ளைதான், கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி பெட்ரீசியாவுக்கு நரம்பு நோய். கைகால் போய்ப் பேச்சும் போனது. விரலில் பொத்தானைக் கட்டி, எழுத்தெழுத்தாக அவள் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும்படி அவனே ஒரு புரோகிராம் எழுதினான்.

"சன்னாசி அண்ணே, வெல்டிங்க நிறுத்துங்க. உங்க பெருமைச் சத்தமே போதும்" என்று ஒருநாள் அது என்னை வாரியது.

மகள் ஜானிஸ் தாயை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு தஞ்சோங் மாலிமில் இருந்தாள். பல வருஷமாகப் பேச்சில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினாள். அதற்குள் பெட்ரீசியாவின் விரலும் அடங்கிவிட்டது. புருவம் அசைந்தால் வேலை செய்யும் புதுப் பொத்தான் ஒன்றை கேப்ரியல் வாங்கினான். அதற்குப் புதுக் கெர்னல் வேண்டுமாம். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடிச்சட்டம். வெள்ளிக்கிழமை அதை ஏற்றி, புரோகிராமையும் மறுபடி கட்டினான்.

சனிக்கிழமை தாயின் முன்னால் மகள் உட்கார்ந்தாள். "க க க க" என்றது கம்ப்யூட்டர்.

"என்னடா, காக்கா மாதிரி கத்துது?" என்றேன்.

"சும்மா இருங்கண்ணே. பழசு நல்லாத்தானே ஓடுச்சு லா." பொத்தானையே கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"அம்மா இன்னும் கோவமா இருக்காங்களாப்பா?"

"இல்லம்மா, மெஷின்தான் சரியில்ல."

கடைசியில் அவன் எழுத்துகளை வாயால் சொல்லச் சொல்ல, பெட்ரீசியாவின் புருவம் அசைந்த இடத்தில் நிறுத்தினோம். 'நீ' வந்தது. அதற்குமேல் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வாரேம்மா" என்று ஜானிஸ் ரயிலுக்குப் போனாள். அவள் அடுத்து வந்தது தாயின் அடக்கத்துக்கு.

கல்லறையிலிருந்து திரும்பியதும், ஜானிஸும் நானும் பக்கத்தில் நிற்க, கேப்ரியல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். பிசகு அப்போதுதான் அகப்பட்டது. கெர்னலுக்கு ஹெடர் கோப்புகள் உண்டு. கேட் அடிக்க நான் வைத்திருக்கும் அளவுத் தாள் மாதிரி. சிஸ்டத்தின் பொது இடத்தில் இருக்கவேண்டியது, எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கும் சி லைப்ரரியை எந்தத் தாளை வைத்துக் கட்டினார்களோ அந்தப் பழைய தாள். புதுக் கெர்னலின் தாள் அதன் சொந்த இடத்திலேயே இருக்கவேண்டும். தேவைப்படும் புரோகிராமுக்கு மட்டும் வழி காட்டினால் போதும். அவசரத்தில் அவன் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொது இடத்தில் வைத்திருந்தான். கேட்டில் தூண் ஒரு அளவு, கீல் வேறு அளவு என்பதுபோல. ஒரே தடவை சொன்னான், எனக்கு விளங்கிவிட்டது.

பழையதை அதன் இடத்தில் வைத்து மறுபடி கட்டினான். பொத்தானைத் தன் புருவத்தில் ஒட்டிக்கொண்டு அசைத்தான்.

"நீ" என்றது கம்ப்யூட்டர், தெளிவாக.

"அப்புறம் என்னப்பா?" என்றாள் ஜானிஸ்.

கேப்ரியலின் புருவம் அசையவில்லை.